கணப்படுப்பும் இரண்டு ஷில்லிங்கும்

சிம்லாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களுக்குப் பழைய வாடகை வீட்டில் முதலில் கண்ணில் படுவது கூடத்துச் செங்கல் கணப்படுப்புதான். இப்போது யாரும் எரிப்பதில்லை, கரி மட்டும் அப்பிக் கிடக்கும். "மேலே டைல்ஸ் ஒட்டிடலாமே" என்று எங்கள் வீட்டிலும் பேச்சு ஓடுகிறது. வங்கிக்காரன் புத்தி, பழைய கணக்கைப் புரட்டாமல் புதுக் கணக்கு எழுத மனசு வரவில்லை.

கணப்பை மூடுவது புது விஷயமே இல்லை. 1662-ல் இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் அரசு கணப்புக்கு வரி போட்டது. ஒன்றுக்கு வருஷம் 2 ஷில்லிங், இரண்டு தவணை. வசூல்காரர் வீட்டுக்குள் வந்து எண்ணுவார். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சிலர் அடுப்பையே அடைத்துக் கணக்கில் குறைத்தார்கள். 1684-ல் ஆக்ஸ்போர்டுஷயரின் சர்ச்சில் கிராமத்தில் ரொட்டி சுடும் ஒரு பெண்மணி, வரிக்குப் பயந்து சுவரை உடைத்துத் தன் அடுப்பைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியோடு இணைத்தார். தீப்பிடித்து 20 வீடுகள் சாம்பல். 4 பேர் செத்துப் போனார்கள். 1689-ல் அந்த வரியே ஒழிந்தது.

டைல்ஸுக்கும் பழைய வரலாறு உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஹாலந்துக்காரர்கள் கணப்பைச் சுற்றி டெல்ஃப்ட் ஓடு பதித்தார்கள். துடைத்தால் கரி போய்விடும். விக்டோரியா காலத்தில் இரும்புக் கணப்பின் இரு பக்கமும் பூப்போட்ட டைல்ஸ் வந்தது. கவனியுங்கள், அவர்கள் ஒட்டியது எரியும் அடுப்பின் ஓரத்தில், வாயை அடைக்கவில்லை.

வாயை அடைக்கும் காலம் பின்னால் வந்தது. 1952 டிசம்பரில் லண்டனை நிலக்கரிப் புகை மூடியது. அப்போதைய கணக்கில் சாவு சுமார் 4,000. பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கேஸும் மின்சாரமும் வரவர, பல கணப்புகள் பலகைக்குப் பின்னால் மறைந்தன.

1864-ல் கோடைத் தலைநகரான சிம்லாவில் வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடுகளிலும் அதே கணப்புதான். இன்று அதன் வேலையை ஹீட்டர் செய்கிறது. பனி இரவில் கரண்ட் போனால் வெளியே வருவது அங்கீட்டி. கரிச்சட்டியை மூடிய அறையில் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வடக்கே குளிர்காலத்தில் அடிக்கடி வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கணப்பின் வாயை அடைத்தால் அறையின் ஒரு காற்றுவழியும் போகிறது. திறந்திருந்தாலும் மூடிய அறையில் அங்கீட்டி கூடவே கூடாது.

ஆகவே ஒட்ட நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். கரி படிந்த செங்கல்லில் பசை பிடிக்காது, சுரண்டிக் கழுவ வேண்டும். இனியும் எரிப்பதானால் சாதாரணப் பசை சூட்டில் விட்டுவிடும், வெப்பம் தாங்கும் பசைதான் வேண்டும். எரிப்பதில்லை என்றால் சின்னக் காற்றுத்துளை விடுங்கள், இல்லாவிட்டால் புகைவழிக்குள் ஈரம் தங்கும்.

எல்லாவற்றுக்கும் முன், கீழ்வீட்டில் இன்னும் கணப்பு எரிகிறதா, அந்தப் புகை நம் சுவர் வழியாகத்தான் ஏறுகிறதா என்று விவரம் தெரிந்த கொத்தனாரை வைத்துப் பாருங்கள். டைல்ஸ் என்ன கலர் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அன்றைய வசூல்காரர் வரிக்காக எண்ணினார். நாம் உயிருக்காக ஒருமுறை எண்ணிவிடுவோம்.