டொனமூர் யாப்பும் நிருவாகக் குழுக்களும்

1927 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த டொனமூர் ஆணைக்குழுவினர் இனவாரிப் பிரதிநிதித்துவத்தையே இந்நாட்டு அரசியலின் பெருநோயெனக் கண்டனர். அவர்கள் வகுத்த மருந்து புதுமையானது. கட்சிகள் வேரூன்றாத நாட்டுக்கு அமைச்சரவை ஆட்சி பொருந்தாதெனக் கருதி, அரசாங்க சபை உறுப்பினரை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்யும், அத்தலைவரே அமைச்சராவார். பல இனத்தவரும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து வீதி, வைத்தியசாலை, பாடசாலை பற்றி ஆராய்ந்தால் பிளவு தேயும் என்பது எதிர்பார்ப்பு.

1931 இல் சர்வசன வாக்குரிமையுடன் சபை கூடியது. வடபகுதியின் நான்கு ஆசனங்கள் மட்டும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்காரத்தால் 1934 வரை வெறுமையாயிருந்தன. அப்பகிஷ்காரத்தின் காரணம் இனப்பூசலன்று. பூரண சுயாட்சி கிடைக்கவில்லை என்பதேயாகும். பின்வந்தோர் பலர் இதனை மறந்தனர். முதல் அமைச்சர் குழுவில் பெரியசுந்தரமும் மாக்கான் மாக்காரும் இடம்பெற்றனர்.

1936 இல் நிகழ்ந்ததே ஊன்றி நோக்கற்பாலது. சபையிற் பெரும்பான்மையினரான சிங்கள உறுப்பினர், ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை பெறத்தக்கவாறு தம்மைப் பகிர்ந்துகொண்டனர். ஏழு அமைச்சர்களும் சிங்களவராயினர். யாப்பின் ஓரெழுத்தேனும் மீறப்படவில்லை! பிளவை ஆற்றவென அமைந்த குழுமுறையே அதற்குக் கருவியாயிற்று. ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் சமபலப் பிரதிநிதித்துவக் கோரிக்கை இதன்பின் வலுப்பெற்றது. 1942 இல் அருணாசலம் மகாதேவா அமைச்சரானார். ஆயினும் ஐயம் அகலவில்லை.

குழுமுறை முற்றும் வீணாயிற்றென்பதும் நேர்மையன்று. கன்னங்கரா தலைமை தாங்கிய கல்விக் குழுவின் உழைப்பே 1945 இல் இலவசக் கல்வியாய் மலர்ந்தது. 1947 இல் சோல்பரி யாப்பு குழுக்களை நீக்கி, அமைச்சரவையை நிறுவியது.