தொலைநிலைக் கணினி நிர்வாகமும் பயனர் இசைவும்: ஒரு வரலாற்று நோக்கு

அலுவலகக் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்களின் வரலாற்றை வேகம், செலவு, வசதி ஆகியவற்றைக் கொண்டு எழுதிவிடலாம். மேசைமுன் அமர்ந்திருப்பவர் தம் திரையில் எதைக் காண்கிறார் என்னும் வினாவை எழுப்பும்போது, ஒன்றோடொன்று ஒவ்வாத இரு மரபுகள் வெளிப்படுகின்றன.

முதல் மரபு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சார்ந்தது. அங்கு 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒலிவெட்டி ஆய்வகத்தில், பணியாளர் எந்த அறைக்குச் சென்றாலும் அவருடைய கணினித் திரை அவரைப் பின்தொடரச் செய்யும் முயற்சிகள் 1990களின் முற்பகுதியில் நடைபெற்றன. அம்முயற்சிகளின் தொடர்ச்சியே வி.என்.சி. டிரிஸ்டன் ரிச்சர்ட்சன், குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், கென்னத் வுட், ஆண்டி ஹாப்பர் ஆகியோர் 1998இல் அதனை விளக்கி எழுதிய கட்டுரை, கருவி எதையும் சுமக்காமல் தம் கணினியை எங்கிருந்தும் அடையும் பயனரையே மையப்படுத்துகிறது. பிறர் கணினியைப் பராமரிக்கும் நிர்வாகி அக்கட்டுரையின் நாயகர் அல்லர்.

வி.என்.சி.யின் நெறிமுறை மிக எளியது. திரையில் மாறிய பகுதிகள் படத்துண்டுகளாக ஒரு திசையில் செல்கின்றன. விசையழுத்தங்களும் சுட்டியின் அசைவுகளும் எதிர்த்திசையில் வருகின்றன. இயங்குதளம் எதுவாயினும் இது பொருந்தும். மூலநிரலோ ஜி.பி.எல். உரிமத்தில் கட்டணமின்றிக் கிடைத்தது. இவ்விரண்டும் அதனை அலுவலகங்களுக்குள் கொண்டுசென்றன. இருக்கையை விட்டு அகன்ற பயனருக்காகப் பிறந்த கருவி, இருக்கையை விட்டு எழ வேண்டியிராத நிர்வாகியின் கருவியாயிற்று. விண்டோஸ் கணினியில் இருவரும் ஒரே திரையைக் காண்பர். சுட்டி தானே நகர்வதை அமர்ந்திருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். காப்பு மட்டும் மெலிந்தது: கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளே கணக்கில் கொள்ளப்பட்டன. நம்பகமற்ற வலையமைப்புக்கு இம்முறை ஏற்றதன்று என 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6143 ஆவணமே கூறுகிறது.

மைக்ரோசாஃப்டின் ஆர்.டி.பி., திரைப் பகிர்வை விடுத்து, நுழைபவருக்குரிய அமர்வை அடிப்படையாகக் கொண்டது. 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் அறிமுகமான அது, 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல் வழியாக மேசைக் கணினிக்கு வந்தது. நிர்வாகி நுழைந்ததும் உள்ளூர்த் திரை பூட்டப்படும். டொமைனில் இணைந்த எக்ஸ்பி கணினியில் வேறொருவர் பணியிலிருந்தால், அவருடைய அமர்வு முடிந்துவிடும், சேமிக்காத தரவு இழக்கப்படும் என்னும் எச்சரிக்கை நுழைபவருக்குக் காட்டப்பட்டது. இழப்பு ஒருவருக்கு, எச்சரிக்கை மற்றொருவருக்கு. திரையைப் பகிர்ந்து உதவுவதற்கு ‘ரிமோட் அசிஸ்டன்ஸ்’ என்ற தனி வசதி அதே எக்ஸ்பியில் சேர்க்கப்பட்டது. அதில் நிர்வாகி தாமாக உதவ முன்வந்தாலும் அமர்ந்திருப்பவர் இசைவளித்தாக வேண்டும். ஒரே இயங்குதளம் இசைவை ஒரு வாயிலில் நிறுத்தி, மற்றொன்றில் விலக்கிவைத்தது கருதத்தக்கது.

கேம்பிரிட்ஜ் ஆய்வகம் 1999இல் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் கைக்கு மாறி, 2002இல் மூடப்பட்டது. மூலநிரல் திறந்திருந்தமையால் வி.என்.சி. பல கிளைகளாக வளர்ந்தது. அவற்றுள் ஒன்றான அல்ட்ரா வி.என்.சி., இணைப்பை ஏற்பதா என அமர்ந்திருப்பவரிடம் வினவும் அமைப்பைக் கொண்டுள்ளது. குறித்த விநாடிகளுக்குள் விடை வராவிடின் ஏற்பதா மறுப்பதா என்பதை, மென்பொருளை நிறுவும் நிர்வாகியே முன்கூட்டி அமைத்துவிடலாம்.