ரிவால்வர் உறை

உரிமம் பெற்ற ரிவால்வரை உடலோடு சேர்த்துத் தாங்கும் தோல், நைலான் அல்லது பிளாஸ்டிக் கூடு. கடைக்காரர்களும் காவல்துறையினரும் ஹோல்ஸ்டர் என்பார்கள். சீருடைக்காரர் இடுப்பில் வெளியே தொங்கும் உறை ஒரு வகை. சட்டைக்குள் அடங்கிவிடும் உறை இன்னொரு வகை. இங்கே பேசப்படுவது இரண்டாவது வகை, அதுவும் தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் வட்டாரத்து வெயிலுக்கும் உடுப்புக்கும் ஏற்றது.

துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோவது என்றதும் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட சம்பவம்தான். அதனாலோ என்னவோ, மறைத்து வைப்பதே குற்றம் என்று பலர் நம்புகிறார்கள். உரிமம் உள்ளவருக்குச் சட்டம் சொல்வது நேர்மாறு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 32-ஆம் விதிப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையிலோ பையிலோ இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டைவிட்டு விலகக் கூடாது. வெளியே எடுத்து வீசிக் காட்டவும் தடை உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கவிட்டு நடக்கலாம். இங்கே அப்படியொரு தேர்வே கிடையாது. ஆகவே சட்டைக்கு மேல் அலங்காரமாக மாட்டும் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் உரிமதாரருக்கு வீண் செலவு. உரிமம் தருவது யார் என்றால், காவல் ஆணையர் உள்ள இடங்களில் ஆயுதச் சட்டப்படி மாவட்ட நடுவரின் அதிகாரம் அவரிடம் இருக்கும். தாம்பரத்துக்குத் தனி காவல் ஆணையரகம் வந்தது 2022 ஜனவரி 1 அன்று.

எந்த ரிவால்வருக்கு உறை என்பது அடுத்த கேள்வி. சினிமாவில் பார்க்கும் பெருங்குழல் ரிவால்வர்கள் பலவற்றை இங்கே சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது. 9 மி.மீ., .38, .455 போன்ற போர்கள், அதாவது குழல் விட்ட அளவுகள், தடை வகையைச் சேர்ந்தவை. முதல் உலகப்போர்க் காலத்து .455 வெப்லி ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடையும், ஓரடிக்குக் கொஞ்சம் குறைந்த நீளமும் கொண்டது, அருங்காட்சியகத்தோடு சரி. உரிமதாரர் கையில் பெரும்பாலும் இருப்பது .32 போர், ஆறு தோட்டா, மூன்றங்குலக் குழல். கான்பூரில் பல ஆண்டுகளாகச் செய்யப்படும் அரசுத் தயாரிப்பு வெப்லியின் சாயலில் நடுவில் மடங்கித் திறக்கும். எடை ஏறக்குறைய 700 கிராம். 2014-இல் வந்த நிர்பீக் அதே போர், ஆனால் டைட்டானியம் கலவையால் 500 கிராமுக்கு இறங்கியது. 2023 ஆகஸ்டில் வெளிவந்த பிரபலின் உருளை பக்கவாட்டில் விலகித் திறக்கும். தோட்டா இல்லாமல் 675 கிராம்.

மடங்கித் திறக்கும் ரிவால்வரும் பிரபலும் நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனாலும் ஒன்றின் உறையில் மற்றதை வைத்தால் சரிப்படாது. பிஸ்டல் தட்டையானது, ரிவால்வருக்கு நடுவில் உருளை புடைத்து நிற்கும். உறை அந்தப் புடைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் துப்பாக்கி ஆடாது. வெப்லி சாயல் ரிவால்வரில் குழலைத் திறக்கும் நெம்பு இடப்புறம் உள்ளது. வலது இடுப்பில் அணிந்தால் அது உடல் பக்கம் வரும். உட்புறத் தோலோ வார்ப்பட்டையோ அதை அழுத்தக் கூடாது. ‘எல்லா ரிவால்வருக்கும் பொருந்தும்’ என்று விற்கும் நைலான் உறைகள் உண்மையில் எதற்கும் பொருந்துவதில்லை.

தோலைப் பற்றிப் பேச இந்த ஊரைவிட உரிமையுள்ள இடம் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டைச் சோதித்துப் பார்த்தார். பின்னர் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். குரோம்பேட்டை என்ற பெயரே அந்தக் கம்பெனி தந்தது. ஆனால் ரிவால்வர் உறையின் உடம்புக்கு குரோம் தோல் உதவாது. அது மென்மையானது, வளையும், தண்ணீருக்கு அசையாது. செருப்பின் மேல்தோலுக்கும் கைப்பைக்கும் அருமை. உறைக்கு வேண்டியது விறைப்பு. அதற்கு, குரோம் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டுத் தொட்டிகளில் ஆவாரம்பட்டை போட்டு ஊறவைத்துப் பதப்படுத்திய வகை, அதாவது தாவரப் பதனீட்டுத் தோல்தான் சரி. நனைத்து, துப்பாக்கி வடிவ அச்சின் மேல் அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனம் போதும். வாய்ப்பகுதியில் கூடுதலாக ஒரு பட்டை தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் துப்பாக்கியை எடுத்ததும் வாய் கூம்பிவிடும், திரும்பச் செருக இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

தோலின் எதிரி வியர்வை. மே மாதச் சென்னையில் உட்பக்கம் நாள்தோறும் நனையும். சூடாக்கி அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உறை ஈரம் குடிக்காது, துடைத்தால் போதும். ஆனால் விலா எலும்பில் உறுத்தும். துப்பாக்கியின் மேற்பூச்சையும் தேய்க்கும். தோல் அட்டையை உடல்பக்கம் வைத்த கலப்பு உறையே இவ்வூருக்கு நடுவழி என்று தோன்றுகிறது.

தோள்பட்டையில் மாட்டும் உறைக்குக் கோட்டு வேண்டும். இங்கே கோட்டு போட்டவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். கணுக்காலில் 700 கிராம் கட்டினால் நடை காட்டிக்கொடுக்கும். கால்சட்டைப் பை 250 கிராம் எடையுள்ள நிடர் என்ற .22 ரிவால்வருக்குச் சரி, .32 அதற்குப் பெரிது. மிஞ்சுவது இடுப்பு. உள்ளே விடாத சட்டையின் கீழ் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், கால்சட்டைக்கு உள்பக்கமாகச் செருகும் உறை நன்றாக மறையும். கால்சட்டை ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் மணிக்கணக்கில் கார் ஓட்டுபவருக்கு அந்த இடம் இருக்கையில் அழுத்தும்; இடப்பக்கம் முன்னால் சாய்ந்து நிற்கும் குறுக்கு உறை அவருக்கு வசதி. இரு சக்கர வண்டியில் முன்குனிந்தால் சட்டை மேலேறும் என்பதையும் பார்க்க வேண்டும். இடுப்புவார் விறைப்பாக, ஒன்றரை அங்குல அகலத்தில் இருப்பது நல்லது. வேட்டிக்கு மேல் கட்டும் பணப்பை வைத்த பெல்ட் இந்த எடையைத் தாங்காது. உறை சரிந்து, பிடி முன்னே தள்ளும்.

வாங்கும்போது தோட்டா நீக்கிய துப்பாக்கியோடு உரிமத்தையும் எடுத்துப்போய் ஆயுதக் கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். விசையும் அதன் காப்பு வளையமும் முழுக்க உள்ளே மறைய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுத்தியலின் மேல் வரும் வார்ப்பட்டை பெருவிரலால் ஒரே தட்டில் விடுபட வேண்டும். உறையைக் கவிழ்த்து மெல்லக் குலுக்கினாலும் துப்பாக்கி நழுவக் கூடாது.

வீட்டில் உறையும் துப்பாக்கியும் தனித்தனியே இருக்கட்டும். தோல் குடித்த உப்பும் ஈரமும் எஃகைச் சில வாரங்களில் துருப்பிடிக்க வைக்கும். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொன்னாலும் உறையைக் கழற்றி வைத்துக்கொண்டு, எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கியை மட்டும் கொடுத்து ரசீது வாங்குவதே வழக்கமறிந்தவர்கள் செய்வது.