மூங்கில் பூத்ததும் ஊர்கள் எரிந்ததும்: மிசோ மலையில் இருபது ஆண்டுகள்

மிசோரம் என்றால் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ஒரு வரிதான்: 1987-ல் மாநிலமானது. அதற்கு முன்னால் நடந்ததை, நான் படித்துத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

அந்த மலையில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒரு தடவை 'மௌதக்' என்ற மூங்கில், காடு முழுக்க ஒரே சமயத்தில் பூக்கும். அதன் காயைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் வயலுக்கும் குதிருக்கும் வரும். 1958-லேயே மிசோ மாவட்டக் கவுன்சில் இதைச் சொல்லி அசாம் அரசிடம் பணம் கேட்டது. மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டார்கள். 1959-ல் பஞ்சம் வந்தே விட்டது. ஊர் ஊராக அரிசி சுமந்து கொடுத்த இளைஞர்களின் பஞ்ச முன்னணிதான் 1961-ல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் என்ன நஷ்டம் என்று எந்த மளிகைக்காரரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்!

1966 பிப்ரவரி 28 இரவு கிளர்ச்சி வெடித்தது. மறுநாள் சுதந்திரப் பிரகடனம். மார்ச் 5-ல் நம் விமானப்படையே ஐஸ்வால் மீது குண்டு போட்டது. ஜனங்கள் காட்டுக்குள் ஓடினார்கள். கடைவீதி எரிந்தது.

ஆனாலும் பெரிய அழிவு அதற்குப் பிறகுதான். மலாயாவில் 1950-ல் ஆங்கிலேயர் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகச் செய்ததையே (அங்கே பெரும்பாலும் சீனர்கள், கூடவே தோட்டத்துத் தமிழர் சிலரும் இடம் மாற்றப்பட்டார்கள்) 1967 ஜனவரியில் இங்கேயும் செய்தார்கள். சில்சார்–ஐஸ்வால்–லுங்லே சாலையின் இருபுறமும் இருந்த 106 கிராமங்களைக் காலி செய்து 18 முகாம்களில் அடைத்தார்கள். 'பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமம்' என்று பெயர்! தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு போகணும். மிச்ச நெல்லோடு வீட்டையும் ராணுவம் கொளுத்தியது. முகாமைச் சுற்றி வேலி, கையில் அடையாள அட்டை, இருட்டினால் ஊரடங்கு. அவர்கள் செய்வது ஜூம் விவசாயம், அதாவது காட்டை வெட்டி எரித்து விதைப்பது. அதற்கு வருடா வருடம் புது நிலம் தேடித் தூரம் போகணும். சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும் என்றால் எங்கே போவது? தன் சோற்றைத் தானே விளைத்த ஜனங்கள் ரேஷன் வரிசையில் நின்றார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் மலைக் கிராமங்களில் பெரும்பகுதி இப்படியே காலியாயிற்று. புரட்சிக்காரர்களோ எல்லை தாண்டி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தார்கள்! அகப்பட்டதெல்லாம் குடியானவர்கள்.

1986 ஜூன் 30-ல் உடன்படிக்கை ஆயிற்று. லால்டெங்காவே முதலமைச்சரானார். சமாதானம் நிலைத்தது, அது உண்மை. ஆனால் பழைய ஊருக்குத் திரும்பாமல் சாலையோரத்திலேயே தங்கிவிட்டவர்கள் நிறையப் பேர்.

2007-ல் மூங்கில் திரும்பவும் பூத்தது. பயிர்ச் சேதம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தத் தடவை மிசோரம் அரசு அதற்கென்று முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தது.