சிலை எது? விவிலியத் தடையும் சீத்தா கேம்பும்

1976 மே 17 அன்று, நெருக்கடிநிலைக் காலத்தில், மும்பை டிராம்பேயிலிருந்த ஜனதா காலனி அப்புறப்படுத்தப்பட்டது. அந்நிலத்தைக் கோரியது பாபா அணு ஆராய்ச்சி மையம். ஏறத்தாழ 70,000 பேர் அருகிலிருந்த சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டனர். அதுவே சீத்தா கேம்ப். தமிழ் பேசும் இசுலாமியரும் இந்துக்களும் கிறித்தவரும் அங்கே அருகருகே வாழ்கின்றனர். அத்தகைய இடத்தில், சிலை வழிபாட்டைத் தடுக்கும் விவிலியக் கட்டளைக்கு என்ன பொருள்?

கிறித்தவரிடையேயே அதற்கு ஒற்றை விடை இல்லை. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் உருவத்தடையைச் சீர்திருத்தத் திருச்சபையினர் தனியே இரண்டாம் கட்டளையாக எண்ணுகின்றனர். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் அதை முதற்கட்டளையின் பகுதியாகக் கொள்கின்றனர். தமிழில் இவ்வேறுபாடு சொல்லிலேயே தெரிகிறது. சீர்திருத்தச் சபையாரின் விவிலியத்தில் விக்கிரகத்தோடு சேர்த்து விலக்கப்படுவது ‘சொரூபம்’. கத்தோலிக்கர் தம் புனிதர்களின் உருவங்களைக் குறிக்க வழங்குவதும் அதே சொல்லே. 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயப் பொதுச்சங்கம் உருவத்துக்குச் செலுத்தும் வணக்கத்தையும் இறைவனுக்கு மட்டுமே உரிய ஆராதனையையும் பிரித்துக் காட்டியது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தொடக்க நாள்களில் ஒரு கோயிலின் உருவங்கள் சிலவற்றை உடைத்ததைத் தாமே பதிவு செய்துள்ளார். அவை கடவுளர் அல்ல, கடவுளின் காவலர் மட்டுமே என்று உள்ளூர்த் தமிழர் ஒருவர் அவருக்கு மறுமொழி கூறினார். அம்மறுமொழியை மறைக்காமல் எழுதிய அவரே, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவானதொரு நூலை எழுதி முடித்தார். ஹாலே நகரத்துத் தலைமை அதை அச்சிட மறுத்தது. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. உடைத்த கையே பின்னர் கேட்டு எழுதும் கையாயிற்று.

விவிலியத்தின் சொந்தக் கதைமரபு இன்னும் கடுமையானது. மோசே செய்த வெண்கலப் பாம்பையே எசேக்கியா அரசன் உடைக்கிறான். இறைவன் பணித்துச் செய்த பொருளும் காலப்போக்கில் சிலையாகலாம் என்பதே அதன் உட்பொருள். எரேமியா 7ஆம் அதிகாரம் எருசலேம் ஆலயத்தையே குறிவைக்கிறது: அந்நியரையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டே ஆலயத்தை நம்புவது பொய்நம்பிக்கை. கொலோசெயர் 3:5இல் பேராசையே சிலைவழிபாடு என்று பெயர் பெறுகிறது. இம்மூன்றிலும் குற்றம் சாட்டப்படுவது அண்டைச் சமயத்தார் அல்லர். கட்டளையைப் பெற்ற சமூகமே.

இவ்வாறு நோக்கினால் சீத்தா கேம்பின் வரலாறு வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது. 1954இல் பக்ரா நங்கலில் பேசிய நேரு, மனிதர் உழைத்து எழுப்பும் பெருந்திட்டங்களைப் புதுயுகத்தின் கோயில்களாகப் போற்றினார். 1958இல் அவரே பிரம்மாண்டத்தின்மீதான மோகத்தை ஒரு நோயாகக் கண்டு எச்சரித்தார். அணுவியலும் அணைகளும் தம்மளவில் சிலைகள் அல்ல. மனிதரின் வீட்டையும் வாழ்வையும் கேள்வியின்றிப் பலியாகக் கேட்கும் நிலையை அடையும்போதே அவை சிலைகளாகின்றன. ஜனதா காலனி மக்கள் ஜோக்கின் அற்புதத்தின் தலைமையில் ஆண்டுக்கணக்கில் எழுப்பியது அந்தக் கேள்வியைத்தான்.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களுக்கே அக்கட்டளை முதலில் வழங்கப்பட்டது. அண்டைவீட்டாரின் பூசைமாடத்தை நோக்கி அதைத் திருப்புவோர் அந்தத் தொடக்கத்தை மறக்கின்றனர். கையால் செய்த எதுவும் மனித உயிருக்கு மேலாக உயர்த்தப்படலாகாது என்பதே, இருமுறை குடிபெயர்ந்த ஓர் ஊரில் அக்கட்டளை தாங்கும் பொருள்.