சேர்வராயன் மலையின் வழித்தோன்றல் நினைவு

ஏற்காட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1820களில் அங்குக் காபி பயிரிடச் செய்த சேலம் ஆட்சியர் காக்பர்னிடமிருந்தே தொடங்குகின்றனர். ஆனால், காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் குடியமர்ந்தனர் என்பது இம்மலையின் மலையாளிகள் வழிவழியாகப் பேணும் நினைவு. (கேரளத்தோடு தொடர்பில்லை, மலையில் வாழ்வோர் என்பதே பெயரின் பொருள்.) 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் இவர்களது காஞ்சி மரபைப் பதிவுசெய்துள்ளன.

1620இல் மேபிளவர் கப்பலில் வட அமெரிக்கா சென்றோரின் வழித்தோன்றல்கள் 1897இல் நிறுவிய சங்கம், சேர விரும்புவோரிடம் தலைமுறைதோறும் ஆவணச் சான்று கேட்கிறது. மலையாளிகளின் நினைவுக்கு ஏடு தேவைப்படவில்லை. சான்றிதழ் கேட்டது அரசுதான். தம்மைக் காராளர் எனச் சமவெளி வேளாண்குடியோடு இணைக்கும் அந்நினைவு, பழங்குடி என்னும் வரையறையோடு எளிதில் பொருந்துவதில்லை. வரையறையோ வம்சத்தைவிட மாவட்ட எல்லையையே பார்த்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தப் பட்டியலில் சேலம் மாவட்ட மலையாளிகள் பழங்குடியினராக இடம்பெற்றனர். அன்று கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த பர்கூர் மலையின் மலையாளிகள் விடுபட்டனர்.