கிருமியை எண்ணிய கதை

மஞ்சட்காமாலை கண்டவருக்குக் கண் வெளுத்துவிட்டால் நோய் நீங்கிற்று என்று நம் முன்னோர் கொண்டனர். ஹெபடைட்டிஸ் 'பி' என்னும் ஈரல் அழற்சியில் அக்கணக்குச் செல்லாது. மஞ்சள் மறைந்த பின்னும், ஏன், மஞ்சளே காணாதவர் இரத்தத்திலும், அதன் வைரஸ் பல்லாண்டு குடியிருத்தல் கூடும். பாம்பூஃப்ளாட்டில் படகேறிச் சாத்தாம் துறையில் இறங்கி மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவர், "உடம்புக்கு ஒன்றுமில்லையே, இன்னும் எதற்கு இரத்தம் எடுக்கிறார்கள்?" என்று வினவினால் அது நியாயமான வினாவே. விடை காண, இச்சோதனை வளர்ந்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1960களில் அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பர்க் தேடியது காமாலைக் கிருமியை அன்று. இரத்தப் புரதங்களில் மனிதர்க்கு மனிதர் உள்ள பிறவி வேற்றுமைகளையே தேடினார். பலமுறை இரத்தம் ஏற்றப்பெற்ற நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலிய ஆதிகுடி ஒருவரின் சீரத்தோடு கூடியபோது ஒரு கோடு படிந்தது. 1965இல் வெளியான இக்கண்டுபிடிப்பு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' எனப் பெயர் பெற்றது. அது வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பின்னரே விளங்கிற்று. 1970இல் டேன் என்பாரும் அவர்தம் குழுவினரும் முழு வைரஸ் துகளையே மின்னணு நுண்காட்டியில் கண்டனர். புளூம்பர்க் 1976இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஆயினும் அந்நாளைய மேலுறைச் சோதனை 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றையே சொல்லும். ஈரல் அணுக்கள் முழு வைரஸைவிடப் பன்மடங்கு மிகுதியாக வெறும் உறைகளை இரத்தத்தில் கொட்டுகின்றன. உறையைக் கண்டு உள்ளிருப்பதை எண்ணுவது எங்ஙனம்?

இவ்விடத்தில் நம் கீழாநெல்லியின் கதையும் நினைக்கத் தக்கது. 1988இல் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் முதலானோர், புளூம்பர்க்கும் உடனிருக்க, கீழாநெல்லியை 30 நாள் கொடுத்துச் சோதித்தனர். 37 பேரில் 22 பேருக்கு மேலுறை மறைந்தது என்று 'லான்செட்' இதழில் எழுதினர். மருந்தற்ற பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் தாய்லாந்திலும் பிற நாடுகளிலும் செய்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. பாட்டி வைத்தியத்தைப் பழிப்பதற்காக இதை நாம் கூறவில்லை. சோதனைக்கு உட்படுத்தியதே அம்மூலிகைக்குச் செய்த மரியாதை.

எண்ணும் வழியை 1983இல் கேரி மல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறை காட்டிற்று. வைரஸின் மரபிழைத் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். ஒளிரும் அடையாளம் எத்தனையாவது சுற்றில் தோன்றுகிறது என்பதைக் கொண்டு தொடக்கத்தில் இருந்த அளவைக் கணிப்பர். முன்னதாகத் தோன்றினால் கிருமி மிகுதி. ஆனால் ஒவ்வொரு கூடமும் தத்தம் அளவிலேயே விடை கூறியதால் ஒன்றையொன்று ஒப்பிட இயலவில்லை. ஊருக்கொரு படி வைத்து நெல் அளந்த கதைதான். 1999இல் உலக சுகாதார நிறுவனம் பொது அளவொன்றை ஏற்படுத்திய பின்னரே 'ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை சர்வதேச அலகு' என்ற வழக்கு நிலைபெற்றது. ஓர் அலகு ஏறத்தாழ ஐந்து பிரதிகளுக்குச் சமம். கருவிக்குக் கருவி இது சிறிது மாறும்.

இவ்வெண் பத்து மடங்குகளில் ஏறி இறங்குவது. 3,000 அலகு 4,000 ஆயிற்று என்று கலங்க வேண்டுவதில்லை. 3,000 என்பது 3,00,000 ஆயின் பொருளுண்டு. 2006இல் வெளிவந்த தைவான் ஆய்வு, 3,653 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து, கிருமி மிக மிக ஈரல் புற்றுநோயும் மிகுவதைக் காட்டிற்று. அதனால் எண்ணே நோய் என்று கொள்ளலாகாது. பிறப்பில் தொற்றியோர் சிலருக்கு இளமையில் கோடிக்கணக்கில் கிருமி இருந்தும் ஈரல் அமைதியாயிருக்கும். ஈரல் சுருங்கிவிட்டவருக்கோ எண் சிறிதாயினும் மருந்து வேண்டும். ஆகவே மருத்துவர் ஈரல் நொதியையும் உடன் பார்க்கின்றனர்.

இத்தீவுகளுக்கு இது அயலார் செய்தி அன்று. 1983இல் போர்ட் பிளேரில் தோன்றிய மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் 2000இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பெற்ற நிக்கோபாரிகளில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினரிடம் மேலுறை காணப்பட்டது. இத்தொற்று தாயிடமிருந்து சேய்க்குச் செல்ல வல்லது. கருவுற்றவரின் எண் 2,00,000 அலகை எட்டினால் அவருக்கு டெனோபோவிர் கொடுப்பதும், குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசி போடுவதும் இன்றைய முறை. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம்.